அன்னப்பூரணி திறந்து பாராத நண்டு

அன்னப்பூரணியின் இடது கைச் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை ஒரு நண்டு கொண்டுபோய்விட்டது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் அவள் சிரித்துக்கொண்டே, "என்னட்ட இருந்து கொண்டுபோனதுக்குள்ள அதுதான் சின்னன்" என்பாள். கேட்டவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.

பழுகாமத்துக்கு அப்பால் வாவி வளைந்து உள்ளே வரும் இடத்தில், கண்டல் மரங்களுக்கு நடுவே இருபது வீடுகள் இருந்தன. கடைசி வீடு அவளுடையது. களப்பு நண்டு கட்டுவதில் அவளுக்கு இணை அந்தக் கரையில் எவரும் இல்லை. இரண்டு குறடுகளைப் போலக் கொடுக்கை விரித்துக்கொண்டு வரும் நண்டைப் பின்புறமாகப் பிடித்து, பாதத்தால் மெல்ல அமுக்கி, ஈரக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். ஓர் ஆள் வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. ஓட்டின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தே உள்ளே சதை பிடித்திருக்கிறதா, வெறும் தண்ணீர்தானா என்று சொல்லிவிடுவாள். நண்டின் வெளிப்புறத்தில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

உள்ளே இருந்ததைத்தான் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் யோகராசா.

யோகராசா அவளுடைய கணவன். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். தொண்ணூறாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்பட்டவன், படலையடியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"இந்தக் கிழமை நேரத்தோட வந்திருவன் புள்ள. வெள்ளிக்கிழம பின்னேரம் நண்டுக் கறி வை. முருங்கையிலை கனக்கப் போடு."

"போன கிழமையும் நண்டுதான் திண்டீங்க. நடக்கேக்க பக்கவாட்டாத்தான் போகப்போறீங்க ஒரு நாளைக்கு."

"போனா என்ன? வீட்டுக்குத்தானே வருவன்."

வெள்ளிக்கிழமை வந்தது. கறியும் ஆயிற்று. அவன் வரவில்லை. வழியில் பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்கள் என்று மட்டும் செய்தி வந்தது. மூன்றாம் நாள் புளித்துப்போன கறியைச் சட்டியோடு கொண்டுபோய் வாவியில் கவிழ்த்தாள். அன்றே கண்ணகை அம்மன் கோயில் வாசலில் நின்று நேர்ந்துகொண்டாள்: "அவர் வந்து சோத்துக்கு முன்னால இருந்தாத்தான் தாயே, இந்தக் கையால இனி ஒரு நண்டு உடைப்பன்."

ஏழு ஆண்டுகள் அந்தக் கை ஒரு நண்டையும் உடைக்கவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளும் அவளை உயிரோடு வைத்திருந்தவர் முகைதீன்பாவா. ஏறாவூர்க்காரர், மீனும் இறாலும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. யோகராசா ஓய்வு நாட்களில் பிடிக்கிற இறாலை அவர்தான் வாங்குவார். தொண்ணூறில் விழுந்த கொலைகளில் அவருடைய முஸ்லிம் ஊரும் அழுதது, இவளுடைய தமிழ் ஊரும் அழுதது. இரண்டு ஊராரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத காலம். அந்தக் காலத்தில்தான் அவர் அன்னப்பூரணியைக் கூட்டிக்கொண்டு இராணுவ முகாம் முகாமாக அலைந்தார். அவளுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்கு வியாபாரச் சிங்களம் நன்றாக வரும்.

ஏழு முகாம்கள். ஒவ்வொரு வாசலிலும் "நீ யார்?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர், "எங்கட தங்கச்சிர மாப்பிள்ளயத் தேடி வந்திருக்கம்" என்றார். நாலாவது வாசலில் ஒருவன் அவருடைய தொப்பியைத் துவக்கு முனையால் தட்டி விழுத்தினான். அவர் குனிந்து எடுத்தார். மண்ணைத் தட்டினார். தலையில் வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

கிடைத்த பதிலை அவளுக்குத் தமிழில் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

"ஆளை வேற இடத்துக்கு அனுப்பியாச்சாம் புள்ள. சொல்லியனுப்புவாங்களாம்."

ஒரு வருடம் அவள் அழுது தீர்த்தாள். பிறகு அவர்தான் தோணியில் ஆளனுப்பி அவளைக் கிழக்குக் கரைத் துறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய மேற்குக் கரைக்கு அவர் வருவதில்லை, வர முடியாது. கிழக்குக் கரை இராணுவத்தின் கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில் இருந்தது. அங்கே முஸ்லிம் ஆட்கள் கால் வைக்காத காலம் அது.

"அழுதது போதும், எழும்பு" என்றார். "சிலாபப் பக்கம் ஒரு வேலை பாத்திட்டு வந்திருக்கன். ஓடு கழட்டின நண்டு உள்ளுக்கு வெறும் தண்ணியா இருக்குமே, ஆரும் வாங்காததுகள், அதுகளப் பிடிச்சுக் கம்பு வேலிக்குள்ள விட்டுச் சின்ன மீன் போட்டா ஒரு மாசத்தில கல்லு மாதிரி ஆகுது. கொழும்பில இருந்து பிளேனில போகுது புள்ள, பிளேனில! நீயும் நானும் ஏறாத பிளேன்."

அப்படித்தான் அவளுடைய வீட்டுக்குப் பின்னால் வாவிக்குள் கண்டல் கம்பு வேலி எழுந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை அவள் நண்டுகளைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்ட கூடைகளில் அடுக்கி, தோணியில் கொண்டுபோவாள். அக்கரையில் முகைதீன்பாவாவின் சின்ன லொறி நிற்கும்.

"நீங்க ஏன் காக்கா ஒரு நண்டும் வீட்டுக்குக் கொண்டுபோறயில்ல?" என்று ஒருநாள் கேட்டாள். அவருடைய ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, அவரை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்களுக்கு அது ஆகாது புள்ள. வாப்பா அப்பிடித்தான் சொல்லித்தந்தவர். விக்கிறதும் சரியில்லையாம் எண்டு பள்ளிவாசல்ல ஒராள் நெடுகச் சொல்றார். அவருக்கு லொறி இல்ல; எனக்கு இருக்கு."

"நீங்களும் தின்னமாட்டீங்க, நானும் தின்னமாட்டன். நண்டுகளுக்கு நம்மள விட நல்ல ஆக்கள் கிடைக்காது."

இரண்டு பேரும் துறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவருக்கு மார்க்கம் தடை. மற்றவளுக்கு நேர்த்திக்கடன் தடை. அந்த இரண்டு தடைகளுக்கும் நடுவே ஒரு சிறு பிராணி சத்தமில்லாமல் குடிவந்து பெருகப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி பொய்த்தது. வைகாசியில் வாவித் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது; முகத்துவாரத்தால் ஏறிய கடல் பழுகாமம் வரைக்கும் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனியில் அன்னப்பூரணி ஒரு புதினத்தைக் கண்டாள். விடிகிற நேரத்தில் நண்டுகள் வேலிக் கம்புகளில் ஏறி, தலையை வெளியே வைத்து, வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. பிடித்தால் கொடுக்கை விரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் கட்டிய கயிற்றுக்குள்ளேயே துவண்டன.

முதல் தடவை கொழும்பில் பாதி செத்துப்போய் இறங்கின. அடுத்த தடவை முக்கால்வாசி.

முகைதீன்பாவா முகம் கோணவில்லை. "வழியில ஆமிக்காரனுகள் ஆறு இடத்தில இறக்கி வெயிலுக்குள்ள வைக்கிறானுகள். மனிசனே சாவான், நண்டு சாகாதா?" என்றார். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. அடுத்த முறை ஒரு விசுக்கோத்துத் தகரத்தில் கருஊதா நிறத்தில் ஒரு தூள் கொண்டுவந்தார். "கொண்டீஸ். புண் கழுவுறதுதான். ஒரு மருந்துக்காரனிட்டக் கேட்டன். நண்டில ஏதும் கிருமி ஒட்டியிருந்தாப் போகுமாம். தண்ணியில கரைச்சுக் கழுவிப் பாரு புள்ள."

அவள் கழுவினாள். தொட்டித் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி ஆயிற்று. இரண்டாம் நாள் வேலிக்குள் நாற்பது நண்டு மிதந்தது.

செத்த நண்டை அந்தக் கரையில் யாரும் திறப்பதில்லை. பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலால் வாவியில் எறிவார்கள். செத்ததன் உள்ளைப் பார்த்தால் வேலி விளங்காது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் நாற்பதையும் அப்படித்தான் எறிந்தாள். வேலிக்குப் பக்கத்திலேயே விழுந்தன.

எறிந்து முடிக்கும்போது சீனித்தம்பி வந்தான். யோகராசாவின் தம்பி. அண்ணன் போன பிறகு அண்ணன் வீட்டு நண்டெல்லாம் அண்ணனுக்கு உறவில்லாத ஒருவரின் லொறியில் ஏறுவது அவனுக்கு நெடுநாள் உறுத்தல். ஊதாத் தண்ணீரைக் குனிந்து பார்த்தான்.

"என்ன மச்சாள் இது?"

"மருந்து. காக்கா தந்தவர்."

"மருந்தோ? மருந்து போட்டா நோய் போகும், நண்டு போகாது. உங்களுக்கு விளங்கயில்லயா?"

"வாயக் கழுவு தம்பி. அந்த மனிசன் இல்லாட்டி நான் எப்பவோ மண்ணுக்குள்ள."

"அது அப்ப. இப்ப அங்கால என்ன கதைக்கிறாங்க தெரியுமா? நம்மட கரையில இருந்து ஒரு நண்டும் வரப்படாதாம். எல்லாத் தொழிலும் அவங்கட கைக்குப் போகணுமாம். நீங்க கயிறு கட்டிக்கொண்டே இருங்க."

அவள் துடைப்பத்தை எடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். போனவன், சொன்னதை விட்டுவிட்டுப் போனான். சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் துடைப்பத்துக்கு வெளியேறுமா? மூன்று நாள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் காலை வேலிக்குள் அசைகிற நண்டு ஒன்றுமில்லை. வெறும் கம்புகள். ஊதாக் கறை படிந்த தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்தபடி அவள் நின்ற நேரத்தில்தான், ஏழு முகாம் வாசல்களும் அவளுக்கு மறந்துபோயின.

அன்று பின்னேரமே இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். இயக்கத்தில் அந்தக் கரைக்குப் பொறுப்பானவர்கள். சீனித்தம்பி சொல்லித்தான் வந்தார்கள் என்பதை மறைக்கவுமில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"அக்கா, அந்த மருந்து ஆர் தந்தது?"

"ஏறாவூர்க் காக்கா" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "அதப் போட்ட பிறகுதான் எல்லாம் செத்தது" என்றாள்.

இரண்டும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. அதுதான் பாவம்.

"ஆளோட ஒருக்காக் கதைக்கணும். இஞ்சால வருவாரா?"

கேட்ட மாத்திரத்தில் அவளுக்குள் ஒரு பெருமை தலைதூக்கியது. அந்தப் பெருமையை அவள் பின்னாளில் எத்தனை தரம் சபித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

"நான் வரச்சொன்னா வருவார்."

வியாழக்கிழமை அவர் வந்தார். தோணிக்காரனிடம் அவள் சொல்லியனுப்பியது ஒரே ஒரு வரிதான்: தங்கச்சி வரச்சொல்றா. ஏழு வருடம் கால் வைக்காத கரையில், சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். வெள்ளைத் தொப்பி. மற்றக் கையில் வாழையிலையில் சுற்றிய தொதல் பலகாரம்.

"என்ன புள்ள, முழுக்கச் செத்திட்டாமே? தோணிக்காரன் சொன்னவன். விடு, நண்டு போனா நண்டு. இந்தா, என்ட பெஞ்சாதி தந்துவிட்டவ, உன்ட ராத்தா. முதல்ல ஒரு தேத்தண்ணி தா. உன்ட கரைக்கு வந்த விருந்தாளி நான்."

அவள் தொதலை வாங்கினாள். கண்டல் மரத்தடியில் நின்ற இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள்.

"காக்கா, கொஞ்சம் கதைக்கணும். ஒரு பத்து நிமிசம்."

அவர் அவர்களைப் பார்த்தார். அன்னப்பூரணியைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவருக்கு விளங்கியிருக்குமா? விளங்கியிருந்தால் அப்படிக் கேட்டிருப்பாரா?

"அதுக்கென்ன, கதைப்பம். புள்ள, நீயும் வாவன். இவங்களுக்கு நண்டுட கதையச் சொல்லுவம்."

"அடுப்பு எரியிது காக்கா" என்றாள் அன்னப்பூரணி.

அன்று அவள் அடுப்பு மூட்டவே இல்லை.

பத்து நிமிடம் ஒரு நாளாயிற்று. நாள் நாலாயிற்று. தோணிக்காரன் துறையில் அவளைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். தொதல் இலையோடு அப்படியே கிடந்து எறும்பு மொய்த்தது. சீனித்தம்பி ஒருதரம் வந்து, "விசாரிச்சுப் போட்டு விட்டிருவாங்க மச்சாள்" என்றான். அவன் குரலிலும் முந்தைய உறுதி இல்லை.

ஐந்தாம் நாள், வேலிக்கு வெளியே பாதி தண்ணீரில் அமிழ்ந்து மறந்துபோய்க் கிடந்த ஒரு கூடைக்குள்ளிருந்து சரசரப்புக் கேட்டது. கட்டி வைத்த நண்டு ஒன்று மிச்சம். அவள் வெளியே எடுத்து வைத்த சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளி அடங்கிப்போனது. வழக்கம்போல அதைத் தூக்கி, முகத்தைத் திருப்பி, தோளுக்கு மேலால் எறியக் கை ஓங்கினாள்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

என்ன வெறி வந்ததோ! நேர்த்தியுமில்லை, வழக்கமுமில்லை, இனி வேலி விளங்கினால் என்ன விளங்காவிட்டால் என்ன? "சொல்லு! நீயாவது சொல்லு!" என்று கத்திக்கொண்டே அம்மிக் கல்லில் ஓர் அடி. பிறகு பெருவிரலை விட்டு ஓட்டைப் பிளந்தாள்.

நண்டு மூச்சு விடுகிற பஞ்சு இரண்டு பக்கமும் வரிவரியாக இருக்குமே, அது தெரியவில்லை. அதன் மேல் நெருக்கமாக, நட்டு வைத்த நாற்றுப்போல, அரிசி அரிசியாக வெள்ளைப் பிராணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய காம்பு. காம்பின் அடி பஞ்சில் ஒட்டியிருந்தது. சில இன்னும் மெல்ல வாயைத் திறந்து மூடின. நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். மூச்சு விட ஓர் ஊசி இடம் மீதி இல்லை.

அவள் அந்த ஓட்டை வாழையிலையில் பொதிந்துகொண்டு அழகரத்தினம் மாஸ்டரிடம் ஓடினாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒட்டிக்கொண்டு சீவிக்கிற சாதி. படகுக்கு அடியில சிப்பி மாதிரிப் பிடிக்குமே, அதிட இனம். நண்டுட மூச்சுக்குழிக்குள்ள குடியிருக்குது. தண்ணிக்குள்ள கொஞ்ச நாளைக்கு எப்பிடியோ சமாளிக்கும்; கனக்கப் பெருகினா அங்கயும் ஏலாது. வெளிய எடுத்துக் கட்டினா, பாவம், மூச்சு முட்டிச் சாகும்."

"கொண்டீஸ் போட்டா?"

"கொண்டீஸ் நண்டையும் கொல்லாது, இதையும் கொல்லாது, நீங்க கழுவின அளவுக்கு. நண்டு அதுக்கு முதலே பாதி செத்துத்தான் இருந்திருக்கும்." கண்ணாடியைத் துடைத்தபடி மாஸ்டர் ஏதோ வகுப்பெடுக்கிற நினைவில் தொடர்ந்தார். "புதினம் என்னெண்டா, இது நண்டுட பகையாளி இல்ல. வகைப்படுத்திப் பாத்தா நண்டுட சொந்தக்காரன்தான். உப்புத் தண்ணிச் சீவன். நல்ல தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் விட்டிருந்தாத் தாங்கியிருக்காது."

அவளுடைய கிணறு வேலியிலிருந்து பத்து எட்டு வைக்கிற தூரம். அந்த ஊரிலேயே தித்திப்பான தண்ணீர்.

திரும்பி வரும் வழியில் சீனித்தம்பியின் வீடு. அவனுடைய மனைவி புஸ்பம் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்னப்பூரணியின் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா மச்சாள் மாஸ்டரிட்டப் போனீங்க? இது அரிசிப் பூச்சிதானே. எந்த நண்டிலயும் நாலஞ்சு கிடக்கும். இந்த வருசம் சரியாக் கூடிப்போச்சு. நான் பஞ்சோட பிய்ச்சு எறிஞ்சுபோட்டுத்தானே கறிக்கு வைக்கிற."

கறி சமைக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்த பூச்சி. நண்டை வைத்தே உயிர் பிழைத்தவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நேர்த்தியை மறந்து ஒரு நண்டைச் சட்டியில் போட்டிருந்தால்?

"புஸ்பம், உன்ட புருசன் மருந்து, நஞ்சு எண்டு சொல்லிக்கொண்டு திரியேக்க நீ இத அவனிட்டச் சொல்லயில்லயா?"

புஸ்பம் மீனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னட்ட ஆர் கேட்டது?"

பொறுப்பாளர் இருந்த வீட்டுக்கு அவள் அன்றே போனாள். வாழையிலையை மேசையில் விரித்தாள். விரித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெருவிரலால் ஒரு வெள்ளைப் பிராணியைப் பிய்த்தெடுத்துக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. கோபிக்கவில்லை.

"விளங்குது அக்கா. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்."

"அப்ப காக்காவ விடுங்க."

"ஆளை வேற இடத்துக்கு அனுப்பியாச்சு. சொல்லியனுப்புவம்."

இந்த வார்த்தைகள் அவளுக்குப் பழையவை. அன்று கிழக்குக் கரை முகாம் வாசல்களில், சிங்களத்தில் சொன்னார்கள். அதைத் தமிழில் அவளுக்குச் சொல்லித் தந்தவர் முகைதீன்பாவா. இன்று மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

மறுநாள் அவள் ஏறாவூருக்குப் போனாள். தோணி, சோதனைச் சாவடி, பஸ், மறுபடி ஒரு சோதனைச் சாவடி. பையைக் கிளறிய சிப்பாய் வாழையிலைப் பொதியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர நீட்டிப் பிடித்துத் திருப்பித் தந்தான். கைறுன்னிஸா கதவைத் திறந்தாள். முகைதீன்பாவாவின் மனைவியை அன்னப்பூரணி இதற்குமுன் இரண்டே இரண்டு தடவைதான் கண்டிருக்கிறாள். தொதலும் பனங்கட்டியும் மட்டும் ஏழு வருடமாக வந்துகொண்டிருந்தன.

"அல்லாஹ்வே, வந்தயா மனே!" கைறுன்னிஸா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி கூப்பிட்டவ, போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனவர். உன்ட வீட்டிலதானே நிக்கிறார்? காய்ச்சலா? இந்த மனிசன் மருந்தும் ஒழுங்காக் குடிக்கமாட்டார். தோணிக்காரனும் ஒண்டும் சொல்றானில்ல. சொல்லு மனே, சுகமா இருக்காரா?"

இதைவிட அவள் ஓங்கி அறைந்திருக்கலாம்.

அன்னப்பூரணி உட்காரவில்லை. நின்றபடி சொன்னாள். தொட்டி, தூள், சீனித்தம்பி, இரண்டு பேர், "நான் வரச்சொன்னா வருவார்". எரியாத அடுப்பை எரிகிறது என்று சொன்னதையும் சொன்னாள். கடைசியாக வாழையிலையை அவிழ்த்து நாற்றமெடுத்த ஓட்டை முற்றத்தில் வைத்தாள். ஆகாத நண்டு ஒன்று அந்த வீட்டு முற்றத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

கைறுன்னிஸாவின் பிடி எப்போதோ விட்டுப்போயிருந்தது. அவள் குனிந்து அந்த ஓட்டுக்குள் நெடுநேரம் பார்த்தாள். காய்ந்து சுருங்கிய வெள்ளைப் பருக்கைகள்.

"இதத் திறந்து பாக்க உனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?"

அன்னப்பூரணி வாழையிலையை மறுபடி மடிக்கக் குனிந்தாள்.

"கேக்கிறன். எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசம்" என்றாள் கைறுன்னிஸா. திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவில்லை. "ஒரு நிமிசம்" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். பிறகு உள்ளே போனாள். திரும்பி வரும்போது முக்காட்டை இறுக்கிப் போட்டிருந்தாள்; கையில் முகைதீன்பாவாவின் ஒரு படம்.

"உன்ட மாப்பிள்ளயத் தேடி அவர் உன்ன எத்தின வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்?"

"ஏழு."

"நட. உன்ட கரையில எத்தின வாசல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன்ன மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் நினைச்சிராத. ஆண்டவனிட்டக் கேளு, என்னட்டக் கேக்காத. நட."

அன்னப்பூரணி அதன்பிறகு நண்டு கட்டவில்லை. வேலிக் கம்புகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். வயற்கூலிக்குப் போனாள். கூலி கிடைத்த நாட்களைத் தவிர மற்ற நாட்களில், அக்கரையிலிருந்து வந்து துறையில் இறங்கும் ஒரு முக்காடிட்ட பெண்ணோடு நடந்தாள். காட்டோரத்து வீடுகள், தடை போட்ட பாதைகள், பெயர்ப்பலகை இல்லாத வாசல்கள். வழியில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கைறுன்னிஸா முன்னால், அவள் பின்னால். மகளைக் கூப்பிடுவதுபோல "மனே" என்று அந்த வாய் அவளை மறுபடி கூப்பிட்டதே இல்லை. தொதலும் வரவில்லை.

முதல் நாள், முதல் வாசலில், காவலுக்கு நின்றவன் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.

"இவ பெஞ்சாதியெண்டு தெரியுது. நீங்க ஆரக்கா இவருக்கு?"

ஏழு வாசல்களில் தயங்காமல் சொல்லப்பட்ட ஒரு பதில் அன்னப்பூரணியின் நினைவுக்கு வந்தது. "எங்கட காக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் கைறுன்னிஸா அசையாமல் நின்றாள். இந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கூட்டி வந்தவளைப் போல நின்றாள்.

அன்னப்பூரணி பாதிவிரல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் தம்பி, அவர வரச்சொல்லிக் கூப்பிட்டது" என்றாள்.